உதவாமல் விடமாட்டார்

உதவி செய்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். செய்யாதவர்களை அதைவிட நன்றாகத் தெரியும். இந்த இரண்டிலும் சேராத ஓர் இனம் ஊருக்கு ஊர் இருக்கிறது. அவர் உங்களுக்கு உதவாமல் விடமாட்டார். உங்களுக்குத் தேவையா, நீங்கள் கேட்டீர்களா என்பதெல்லாம் அப்புறம். முதலில் உதவி.

பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பில் இறங்குவதற்காக எழுந்து நிற்கிறவரைத் தோளைப் பிடித்து அழுத்தித் தன் சீட்டில் உட்கார வைப்பார், கல்யாணப் பந்தியில் நீங்கள் இலையை மூடப்போகிற நேரம் பார்த்து, "சாருக்கு இங்க சாதம்!" என்று குரல் கொடுப்பார், வழி கேட்டால் சொல்லிவிட்டுப் போகமாட்டார், கூடவே வருவார், தனக்கும் வழி தெரியாது என்பதை இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் ஒப்புக்கொள்வார். நீங்கள் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் அப்படியே கனிந்துவிடும். "கூச்சப்படாதீங்க" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? கூச்சமில்லை என்றால் வாங்கிக்கொள்ள வேண்டும். பேசாமல் நின்றால் கூச்சம் என்று முடிவாகிவிடும்.

சித்தூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் கோகுலகிருஷ்ணன் இந்த இனத்தில் முதல் தரம். போதாக்குறைக்கு ஒரு சேவா கிளப்பிலும் சேர்ந்திருக்கிறார். வெறும் ஆளாக இருக்கும்போதே அப்படி என்றால், சட்டையில் பேட்ஜும் குத்திவிட்டால் கேட்கவா வேண்டும்? சித்தூர் வெயிலில், மே மாதத்தில், கம்பளி கொடுத்தவர் அவர். கண் பரிசோதனை முகாமுக்கு ஆள் சேரவில்லை என்று, டீ கொண்டுவந்தவரையே பிடித்து உட்காரவைத்துக் கண்ணில் மருந்து விடச் சொன்னார். பாவம், அந்த மனிதருக்குப் பார்வை தெளிவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அன்றைக்கு டாக்டர் உட்பட ஒருவருக்கும் டீ இல்லை.

இவரோடு குடும்பம் நடத்துகிறவள் பிரேமலதா. பொறுமைசாலி. அவள் உப்புப் போட்ட குழம்பில் அவரும் ஒத்தாசைக்கு ஒரு கை உப்பைப் போட்டுவிட்டுப் போவது உட்பட எல்லாவற்றையும் பழகிக்கொண்டவள்.

போன வருஷம் மகள் நந்திதா டெங்குக் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று பிரேமலதா வேண்டிக்கொண்டாள்: பெருமாளே, குழந்தை எழுந்து உட்கார்ந்தால் போதும், காலில் செருப்பில்லாமல் வீட்டிலிருந்து நடந்தே வந்து உன் மலை ஏறுகிறேன். நந்திதா எழுந்து உட்கார்ந்தாள். இனி இவள் நடக்க வேண்டியதுதான் பாக்கி. வழியில் ஒரே ஒரு தடவை செருப்பு மாட்டினாலும் வேண்டுதல் கெட்டுப்போகும். அவளுக்கு வெயில் பயமில்லை, வலி பயமில்லை. அது ஒன்றுதான் பயம்.

புரட்டாசிக்கு முன்னால் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்து பழகினாள். பாதம் வெடித்தது. அதைப் பார்த்த கோகுலகிருஷ்ணனுக்கு மனசு தாங்கவில்லை. இந்த இனத்துக்கு மனசு தாங்காது. நோயே அதுதான்.

"பிரேமா, பஞ்சு மாதிரி செருப்பு ஒண்ணு வந்துக்கீது. மாட்டிக்கோயேன்."

"ஏங்க, வெறுங்கால்ல வரேன்னுதான வேண்டிக்கினேன்?"

"சரி, உனக்கு வேணாம். உன் கூட நடக்கறாங்களே, அவங்க பாவம் இல்லையா?"

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று அவள் விட்டுவிட்டாள். அடுத்த கிளப் கூட்டத்தில் அது தீர்மானமாகிவிட்டது: பாதயாத்திரை பக்தர்களுக்கு இலவசச் செருப்பு! எல்லோரும் கைதட்டினார்கள். வெறுங்காலோடு போகிறவர்கள் எதற்காக வெறுங்காலோடு போகிறார்கள் என்று அந்த ஹாலில் ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் செருப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

விடிவதற்கு முன்பே கோஷ்டியோடு புறப்பட்ட பிரேமலதா, உச்சி வெயிலில் பூதலப்பட்டு பக்கம் வந்தபோது ரோட்டோரத்தில் ஷாமியானா தெரிந்தது. அதன்மேல் பெரிய பேனர். பேனரில் ஒரு ஓரம் பெருமாள், மறு ஓரம் செருப்பு. நடந்து வந்தவர்கள் பெருமாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், கண் மறு ஓரத்துக்கு வந்ததும் திடுக்கிட்டு, ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய், "கோவிந்தா!" என்று வேகம் பிடித்தார்கள்.

தப்பிக்கத் தெரியாதவர்கள் கோகுலகிருஷ்ணன் கையில் மாட்டினார்கள். அவரும் பக்திமான்தான். துளசி மாலை போட்டவர்கள் முன்னால் ஷூவோடு இருக்கக்கூடாது என்று தன் ஷூவைக் கழற்றி வேனுக்குள் போட்டுவிட்டு, வெறுங்காலோடு தரையில் மண்டிபோட்டு, வருகிற கால்களுக்குச் செருப்பை நீட்டிக்கொண்டிருந்தார். அப்போது அகப்பட்டிருந்தவர் காட்பாடியில் லாரி ஓட்டும் துலுக்காணம்.

"இன்னா நைனா இது?"

"செருப்பு சாமி. உங்களுக்குத்தான். இலவசம்."

"செருப்பு மாட்டிக்கினு போறதுன்னா நான் என் லாரியிலயே போயிருப்பேனே!"

"கூச்சப்படாதீங்க சாமி. காலக் குடுங்க."

"காலக் குடுத்துட்டு நான் எதுல நடக்கறது? வுடு நைனா!" என்று உருவிக்கொண்டு போனார் துலுக்காணம். பின்னால் வந்த தெலுங்கு அம்மாள் ஒருத்தி, "வத்து சாமி, வேணாம்! மொக்கு இருக்குது, வேண்டுதல்!" என்று புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு ஓடியேவிட்டாள்.

கிளப் செயலாளர் நாராயணசாமி போனை நீட்டிக்கொண்டு காலையிலிருந்து வெயிலில் நிற்கிறார். "கோகுலு, ஒரு காலாவது வேணும்ப்பா. மேலிடத்துல போட்டோ கேக்கறாங்க. காலே இல்லாத செருப்ப எப்பிடி அனுப்பறது?" என்றவர், கூட்டத்தைப் பார்த்துத் துள்ளினார். "தோ வராங்களே உங்க வூட்டம்மா!"

கோகுலகிருஷ்ணன் முகத்தில் சந்திரகிரிக் கோட்டையைப் பிடித்த சந்தோஷம்.

"பிரேமா, ஒரே ஒரு நிமிஷம். மாட்டிக்கோ, போட்டோ எடுத்ததும் கழட்டிடு. நம்ம நெலம பெருமாளுக்குத் தெரியாதா?"

"நந்திதா கண்ணு தொறக்காம கெடந்தப்போ, பெருமாளு என்கிட்ட போட்டோ கேட்டாராங்க?"

நாராயணசாமி போனைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். கோகுலகிருஷ்ணனுக்கோ அது காதிலேயே ஏறவில்லை. அவர் கண்ணுக்கு அவளுடைய வெடித்த பாதம் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துச் செருப்புக்குள் நுழைக்கப் போனார். பிரேமலதா காலை உதறினாள், "கோவிந்தா!" என்றாள், ஓட்டம் பிடித்தாள்.

பின்னாலேயே ஓடினார் கோகுலகிருஷ்ணன். காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஹைவேயில் ஒரு பெயிண்ட் கடை முதலாளி, கைக்கு ஒன்றாகச் செருப்பு, பின்னால் பறக்கிற கிளப் துண்டு, "நில்லு பிரேமா, உன் நல்லதுக்குத்தான்!" என்ற கூப்பாடு. காரில் போகிறவன் என்ன நினைப்பான்? பெண்டாட்டியை அடிக்கத் துரத்துகிறான் என்றுதானே?

அவளுடையது பழகிய கால், ஓடிவிட்டாள். அவருடைய காலோ அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தார் ரோட்டைச் சந்திக்கிறது. முதலில் ஓட்டம், அப்புறம் குதி, அப்புறம் ஒரு மாதிரி நாட்டியம். கையில்தான் செருப்பு இருக்கிறதே, அதை மாட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கிறீர்கள். அது பிறருக்குக் கொடுப்பதற்கு ஐயா! தனக்கும் ஒன்று தேவைப்படலாம் என்பது இந்த இனத்தின் புத்தியில் தோன்றவே தோன்றாது. பாதம் கொப்பளித்து, ஒரு புளியமரத்தடியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். நடந்துகொண்டிருந்த கூட்டம் முழுவதும் அவர்மேல் கவிழ்ந்தது. ஒருவர் காலில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றின தண்ணீர் காய்வதற்குள் ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவினார். எண்ணெய் தப்பு, மஞ்சள்தான் சரி என்று ஓர் அம்மாள் அதன்மேல் மஞ்சளை அப்பினாள். துலுக்காணம் தன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார், கொப்பளம் இல்லாத காலுக்கும் சேர்த்து.

"ஐயோ, வேணாங்க! ஒண்ணும் வேணாம்! என்ன வுட்டுடுங்க!"

"நீ சும்மா இரு நைனா. மயக்கம் வந்துரும், ஒரு வாய் துன்னு" என்று துலுக்காணம் அவர் வாயில் புளிச்சாதத்தை அடைத்தார்.

தூரத்தில் பிரேமலதா திரும்பிப் பார்த்தாள். கால் தானாக நின்றது. அவளுடைய கோஷ்டி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. இப்போது பிரிந்தால் இருட்டுவதற்குள் ராத்தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஒருத்தி, "புருஷன் கெடக்கறாரு, நீ போய்க்கினே இருக்கியே!" என்றாள். இன்னொருத்தி, "வேன்ல கூட ஏறி ஊட்டுக்குப் போம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். எல்லோரும் அவளுக்கு உதவத் தொடங்கிவிட்டார்கள். பிரேமலதா மரத்தடிக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஏங்க, நான் போவட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட உதவி இது ஒன்றுதான். கோகுலகிருஷ்ணன் அவளைப் பார்த்தார். தன்னைச் சுற்றி எண்ணெயும் மஞ்சளுமாக நிற்கும் கைகளைப் பார்த்தார். வாய் நிறையப் புளிச்சாதம், பேச முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினார். போ, போ.

பிரேமலதா போனாள். பாகாலா தாண்டினாள், சந்திரகிரி தாண்டினாள், மூன்றாம் நாள் வெறுங்காலோடு மலையேறிப் பெருமாளைக் கண்ணாரப் பார்த்தாள். திரும்பி வந்து போனைத் திறந்தால், நாராயணசாமி போட்டோ அனுப்பியிருக்கிறார். புளியமரத்தடியில் கோகுலகிருஷ்ணன், முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு. அவர் காலில் மஞ்சள் கட்டுக்கு மேலேயே ஒரு ஜோடி செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார் செயலாளர். கீழே எழுதியிருந்தது: "நமது திட்டத்தின் முதல் பயனாளி."

அவள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கால் வலி போன இடம் தெரியவில்லை.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே உங்களுக்கு ஒருவர் ஞாபகமும் வந்திருப்பார். மச்சானோ, ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரோ, உங்கள் வீட்டிலேயே யாரோ. அச்சு அசல் அவரேதான். இதை அவருக்கு அனுப்பி வைத்தால் என்ன, படித்தாவது திருந்துவாரே, அவர் நல்லதுக்குத்தானே என்று உங்கள் விரல் ஊறுகிறது. தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று.

அவர் கேட்டாரா?