காணாமல்போன மாட்டுக்கும் பால் கேனுக்கும் நடுவில்

வானொலி நிலைய இயக்குநர் தோன் நொல்பெர்தோ அவர்களுக்கு, லெமுய் தீவு எர்மெலிந்தா பர்ரியா வணக்கத்துடன் எழுதுவது. இந்த மழையில் தாங்களும் தங்கள் மனைவியும் இருமலில்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் நலமாக இல்லை. காரணம் தாங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை இலக்கிய நேரத்துக்கென்று நான் அனுப்பியது ஒரு படைப்பு ஐயா. ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்த என் மார்பைப் பற்றி, தொலைந்த பொருள் அறிவிப்பு மாதிரியே எழுதினேன். 'காணவில்லை: இடது மார்பு. வயது ஐம்பத்தொன்பது. மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தது. குளிருக்குப் பயப்படும். கண்டவர்கள் எர்மெலிந்தாவிடம் சொல்லவும்.' அதைத் தங்கள் அறிவிப்பாளர் எலியசேர் புதன்கிழமை மதிய அறிவிப்பில், ரெமிஹியோவின் காணாமல்போன மாட்டுக்கும் படகுத்துறையில் யாரோ விட்டுப்போன பால் கேனுக்கும் நடுவில் வாசித்துத் தள்ளிவிட்டார்! தீவே உருளைக்கிழங்கை வேகவைத்துக்கொண்டு கேட்கிற நேரம் அது. கடைக்காரி சுலேமா, "அடிப்பாவி, இவ்வளவு நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேடி!" என்று உப்பு வாங்க வந்தவர்கள் முன்னால் ஓவென்று அழுகிறாள். நீ எங்கடி கேட்டே என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். படகுக்காரர் அன்செல்மோ வலையில் கட்டும் ஒரு மர மிதவையை மார்பு வடிவில் இழைத்து எடுத்துவந்து, என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடி, "அக்கா, அளவு சரியா இருக்கான்னு பாருங்க, பெருசா இருந்தா இன்னும் கொஞ்சம் இழைச்சுத் தரேன்" என்கிறார். இழைத்துத் தருவாராம்! பாதிரியார் வேறு, தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்.

பிள்ளைகள் மூவரும் தூரத்துப் புந்தா அரேனாஸ் நகரத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதினாறு மாதமாக என் கதவைத் தட்டியது மழை மட்டும்தான். கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, எழுதினேன். அதை எழுத்து என்று ஒருவர் சொன்னால் போதும் என்றிருந்தேன். இப்போது எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள், எழுத்து நன்றாயிருந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஆகவே, 'அது இலக்கியம், யாரும் தேட வேண்டாம்' என்று தாங்கள் மறுப்பு வாசித்தே தீர வேண்டும்.

தங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், கூரை ஒழுகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
எர்மெலிந்தா

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், வானொலியில் எலியசேர் குரல் கேட்டது: "இடது மார்பைத் தொலைச்ச எர்மெலிந்தாவுக்கு, கைலின் தீவு ஓதிலியா சொல்றது. எனக்கு வலது. நானும் யார்கிட்டயும் சொல்லலை. சனிக்கிழமைப் படகுல வரேன்." ஐயா, மறுப்பு வாசித்துவிடாதீர்கள். அதைக் கேட்டு ஓதிலியா வராமல் இருந்துவிடப்போகிறார். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப்போட்டு, மாட்டுக்குப் பக்கத்திலேயே இதை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்: 'ஓதிலியாவுக்கு. துறையில் நிற்பேன்.'