அம்மா கொடுத்த கிட்னியின் நலம் குறித்து

குத்தாலம்,
ஜூலை 2004

சேசு மரி சூசை காவல்.

அன்பு மகன் ஜெரால்டுக்கு அப்பா வேதநாயகம் ஆசீரோடு எழுதுவது. இங்கு நானும் அம்மாவும், அம்மாவிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றுமாக இருக்கிற அவளுடைய இரண்டு கிட்னிகளும் ஆண்டவர் கிருபையால் சுகம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் அம்மா ரிசீவரைப் பிடுங்கி அழுகிறாள், அமெரிக்காவில் நீயும் அழுகிறாய், நடுவில் டெலிபோன் கம்பெனிக்காரன் மட்டும் சந்தோஷமாக இருக்கிறான். ஆகவே நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். படித்து முடித்ததும், பதறிப்போய் நீ ஆகஸ்டுக்குப் போட்டிருக்கிற விமான டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

ஆபரேஷன் ஆனதிலிருந்து உன் அம்மா தன் கிட்னியைக் கட்டிக்கொடுத்த பெண்ணைப் போலத்தான் பாவிக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். நான் சம்பந்தி வீட்டு ஆள். காலையில் எழுந்ததும் "எப்படி இருக்கு?" என்பாள், என்னைக் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஊறுகாய் ஜாடிப் பக்கம் கை போனால், "அதுக்கு ஒத்துக்காதுங்க. இத்தன வருஷம் என்கிட்ட இருந்தது, எனக்குத் தெரியாதா?" என்று ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இப்படி ராஜபோகத்தில் அது ஓடிக்கொண்டிருக்கையில், மாசி மாதம் எனக்கு உடம்பு மந்தமானது. ஊரே விசிறிக்கொண்டிருக்க நான் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாகப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். குரல் தவளைக் குரல் ஆயிற்று. மூஞ்சி பன் மாதிரி உப்பிப்போய், ஷேவிங் கண்ணாடியில் யாரோ பணக்காரன் தெரிந்தான். ஒரு பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும்போதே தூங்கிவிட்டேன். பட்டறையில் என்னோடு வேலை பார்க்கிற வைரக்கண்ணு தட்டி எழுப்பி, "அண்ணே, மோட்டாருக்குக் கம்பி சுத்தச் சொன்னா உங்க கைக்குச் சுத்தி வச்சிருக்கீங்களே, உங்களை எந்தக் கிணத்துல எறக்குறது?" என்றான். எனக்குச் சிரிப்பு வருவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

தஞ்சாவூருக்குப் போனோம். நம் கிட்னி டாக்டர் மெஹராஜ் பேகம் அம்மா, கூத்தாநல்லூர்க்காரர், ரத்தம் எடுத்துப் பார்த்தார். கிட்னி வடிகட்டித் தள்ளவேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறியிருந்தது. அது ஏறினால் கிட்னி சோர்ந்திருக்கிறது என்று கணக்கு. அதோடு கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பியும் படுத்துவிட்டதாம். "தைராய்டு சத்து கொறஞ்சா ஒடம்பு முழுக்க மந்தமாகும் ஐயா, கிட்னியும் மெதுவாத்தான் ஓடும். மாத்திரை போட்டா ரெண்டும் சேர்ந்து சரியாக வாய்ப்பிருக்கு" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மோட்டார் நல்ல மோட்டார், வோல்டேஜ்தான் கம்மி. லோ வோல்டேஜில் முனகுகிற நல்ல மோட்டாரை அவிழ்த்துக் கொண்டுவந்து பட்டறையில் போட்டவர்களை நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! "விடிஞ்சதும் வெறும் வயித்துல, வெறும் தண்ணியில போடணும். அரைமணி, ஒருமணி கழிச்சுத்தான் காபி" என்று டாக்டரம்மா சொன்னதற்கு நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் எப்போதும் முதல் மாணவன், மற்றதில்தான் எட்டாம் வகுப்பு.

அப்போது தவக்காலம். கிட்னி நல்லபடியாக ஒட்டியதற்கு நேர்ந்துகொண்டபடி இருவரும் தினமும் காலைப் பூசைக்குப் போய், சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கினோம். நன்மை வாங்கும் முன் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது உன் அம்மா கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து வந்த சட்டம். ஆகவே மாத்திரை என் சட்டைப் பையில் உட்கார்ந்து பூசை கண்டது. வீட்டுக்கு வந்ததும் கும்பா நிறையக் காபி, அதோடு கிட்னி மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை எல்லாம் ஒரே விழுங்கு. இத்தனை பூசை கண்ட மாத்திரை இந்த மறைமாவட்டத்திலேயே கிடையாது, ஆனாலும் அது வேலை செய்யவில்லை.

ஈஸ்டர் கழித்துப் பார்த்தால் தைராய்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது, கிரியாட்டினின் இன்னும் மேலே போய்விட்டது. என் உடம்பு அம்மாவின் கிட்னியைத் தள்ளப் பார்க்கிறதோ என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். கிட்னியில் ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நாள் குறித்தார். திரும்பும் பஸ்ஸில் உன் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாபநாசம் தாண்டியதும், "கெட்டுப்போனதக் குடுத்துட்டனாங்க?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கும்பகோணம் வரைக்கும் விடவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் எங்களைப் புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று நினைத்திருப்பார், என் குரங்குக் குல்லாவைப் பார்த்து மனசு மாறியிருப்பார். அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்தாய், அம்மா அழுதாள், நீ டிக்கெட் போட்டாய்.

ஊசி போடுகிற நாளில் டாக்டரம்மா எல்லாவற்றையும் மறுபடி விசாரித்தார். "தைராய்டு மாத்திரை எப்ப போடுறீங்க?"

நான் வாய் திறக்கும் முன் உன் அம்மா பெருமையாக, "அதெல்லாம் கரெக்டுங்க டாக்டர். பூசை முடியிற வரைக்கும் ஒண்ணும் வாயில வைக்க விடமாட்டேன். வந்து காபியோட எல்லாத்தையும் சேர்த்துக் குடுத்துருவேன்" என்றாள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "காபியோடயும் சுண்ணாம்பு மாத்திரையோடயும் போட்டா அது ஒடம்புல சேராதும்மா. எங்க நோன்புலயே நோயாளிக்கு விலக்கு உண்டு. உங்க சாமியாரக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஊசியைத் தள்ளிப்போட்டு, அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொள்வோம், மாத்திரையை முறையாகப் போடுங்கள் என்று அனுப்பினார். ஊருக்கு வந்ததும் நேராகப் பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் சிரித்துவிட்டு, "தண்ணியும் மருந்தும் தடையே இல்லம்மா. நானே பிரஷர் மாத்திரை போட்டுட்டுத்தான் பீடத்துக்கு வர்றேன்" என்றார். "பூசை வைக்கிற நீங்களுமா சாமி?" என்று கேட்ட உன் அம்மா, அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க அவரைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தாள். ஆனாலும் மறுநாள் விடியலில் தம்ளர் தண்ணீரும் மாத்திரையுமாக என்னை எழுப்பினாள். சுண்ணாம்பு மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாறிவிட்டது.

நேற்று தஞ்சாவூரில் பார்த்தோம். தைராய்டு சரியான அளவுக்கு வந்துவிட்டது, கிரியாட்டினினும் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஊசி வேண்டாம் என்றார் டாக்டரம்மா. வராந்தாவுக்கு வந்ததும் உன் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருந்திருக்கு அது. வாழப்போன எடம்தான் சரியில்ல" என்றாள். இந்த வசவைக் கேட்க எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

ஆகையால் கவலைப்பட இனி ஒன்றும் இல்லை. ஆபீசில் முக்கியமான வேலை நடக்கிற சமயம் என்று நீயே சொன்னாய். லீவையும் டிக்கெட் காசையும் வீணாக்காதே, வர வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைத் தன் கண்பார்வையில் வைத்திருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா, அம்மாவின் கிட்னியைப் பொறுப்பாக வைத்திருக்கும்
வேதநாயகம்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் அம்மா இதை வாங்கிப் படித்துவிட்டாள். "கிட்னிதானே குடுத்தேன்? புள்ளைய வராதேன்னு சொல்ற அதிகாரத்தையும் சேர்த்தா குடுத்தேன்? நம்ம வீட்டுல யாராச்சும் படுத்தாத்தான் அவன் வரணுமா?" என்கிறாள். டிக்கெட்டை ரத்து செய்யாதே. எனக்கும் அதே ஆசைதான் ஜெரால்ட். உடம்பு நன்றாக இருக்கும்போது மகனைக் கூப்பிட என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல்தான் வர வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.