ஃபிட்னஸ் அங்கிளுக்காக நான் நடந்த நடை

வெள்ளவத்தையில் இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களுக்குள் மிக அதிகம் நடந்தவர் எங்கள் ஃபிட்னஸ் அங்கிள்தான். சந்தேகம் இருந்தால் ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மகளைக் கேட்டுப் பாருங்கள். மழை, வெயில், ஹர்த்தால் எதையும் பார்க்காமல் மரைன் டிரைவ் கடற்கரை வீதியில் அவர் நடந்திருக்கிறார். அந்த நடை முழுவதையும் நடந்தவன் நான் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தொடர்மாடியில் யாருக்கும் தெரியாது. கப்பல் கொம்பனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்ரி காலமான பிறகு எனக்கு மேல்மாடியில் தனியாக இருக்கிறார். காலை எட்டு மணியானால் நீல ட்ராக் சூட், வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் துவாய் சகிதம் கீழே வந்து லிஃப்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு போகிற வருகிற எல்லாருக்கும் அர்ச்சனைதான்.

"என்ன பிள்ளை, லிஃப்டிலயோ போறீர்? படியில ஏறும். முழங்கால் துருப்பிடிச்சுப் போகும்!"

அந்தப் பிள்ளை நிறைமாதக் கர்ப்பிணி. புருசன்காரன் அடிக்கப் போய்விட்டான். இவ்வளவும் பேசுகிற மனிதர் ஒரு மாடி இறங்குவதென்றாலும் லிஃப்ட் வரும்வரை நின்றுதான் இறங்குவார். லிஃப்ட் பழுதான அன்று கீழே வரவே இல்லை. சாப்பாட்டை நான்தான் மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எல்லா வில்லங்கமும் மகள் ஒரு மணிக்கூடு அனுப்பியதோடு தொடங்கியது. சாதாரண மணிக்கூடு இல்லை. கட்டியிருப்பவர் எவ்வளவு நடக்கிறார், நெஞ்சு எப்படி அடிக்கிறது, எந்த ஊரில் நிற்கிறார் என்று சகலதையும் ரொறன்ரோவுக்குச் சொல்லிக்கொடுக்கும் கோள்மூட்டி. உள்ளேயே ரெலிபோனும் உண்டு. அதோடு மகள் ஒரு நிபந்தனையும் விதித்திருந்தார். அப்பா நாள்தோறும் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் வந்து ஃபிளாட்டை விற்றுவிட்டு அவரைக் கையோடு கனடாவுக்குக் கூட்டிப்போய்விடுவார்.

அங்கிள் ஆடிப்போய்விட்டார். என் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே வந்து குந்தினார்.

"தம்பி, அங்க ஒரு படம் பாக்கிறதெண்டாலும் மகள் கார் எடுத்தால்தான் ஏலும். இங்க ரோட்டைக் கடந்தால் தியேட்டர். என்னைப் பனிக்குள்ள புதைக்கப் போறாள்."

"அப்ப நடவுங்கோவன் அங்கிள்."

"என்ர முழங்காலுக்கு நடை சரிவராது. நீர் எப்பிடியும் டொக்டர் சொல்லி விடியக்காலமை நடக்கிறீர்தானே? கையில இதையும் கட்டிக்கொண்டு போனால் என்ன பாரமே?"

பாரம் இல்லைதான். எனக்குச் சீனி வருத்தம், நடந்தே ஆகவேண்டும். அன்றிலிருந்து விடிய ஆறு மணிக்கு மேலே ஏறிக் கதவைத் தட்டி மணிக்கூட்டை வாங்குவேன். நடந்து முடித்துத் திருப்பிக் கொடுப்பேன். உபகாரம் செய்கிறவனுக்கு ஒரு தேத்தண்ணி கிடைக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்குக் கிடைத்தது கண்டனம்.

"நேற்று ஏன் நடை குறைவு? மகள் எனக்கு ஏசுறாள். நாளைக்குக் கொஞ்சம் கையை வீசி நடவும்!"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மூன்று மாதத்தில் என் சீனி இறங்கியது. டொக்டர் பாராட்டினார். அங்கிளோ லிஃப்ட் வாசலில் இருந்துகொண்டு, "ஆளைப் பாத்தீங்களே? எல்லாம் என்ர ட்ரெய்னிங்!" என்று தொடர்மாடி முழுவதற்கும் பறைசாற்றினார். வியர்வை என்னுடையது, பெயர் அவருக்கு. நாட்டில் இப்படித்தான் எல்லாம் நடக்கிறது.

அடுத்தது பியர் விவகாரம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்துப் பெடியன்கள் என்னைக் கல்கிசையில் புதிதாகத் திறந்த கடையொன்றுக்கு இழுத்துப்போனார்கள். அங்கேயே காய்ச்சுகிற கிராஃப்ட் பியராம். ஒன்றில் மாம்பழம், ஒன்றில் கறுவாப்பட்டை, எனக்கு வந்ததில் கொத்தமல்லி. தடிமன் பிடித்தால் என் மனைவி அவித்துத் தருகிற அதே கொத்தமல்லித் தண்ணி, ஐஸ் போட்டு, நுரையோடு. அதைச் சின்னக் கிளாசில் ஊற்றிவிட்டு, முதலில் மணந்து பார்க்கச் சொல்லி ஒரு வகுப்பு வேறு எடுத்தார்கள். காலையில் அலுவலக அவசரத்தில் திருப்பிக் கொடுக்காமல் விட்ட அங்கிளின் மணிக்கூடு கையிலேயே இருப்பதை அந்த ஆத்திரத்தில் மறந்துபோனேன்.

என் போன் அடித்தது. அங்கிள்!

"நீர் மனுசனே? என்னைக் கல்கிசையில பியர்க் கடையில கொண்டுபோய் வைச்சிருக்கிறீர்! மகள் அழுறாள். 'அப்பா, அம்மா போன கவலையில குடிக்கத் தொடங்கிட்டீங்களோ?' எண்டு கேக்கிறாள். அதுவும் வெள்ளிக்கிழமை! நான் விரதம்!"

"விரதம் பிடிக்கிறது நீங்கள்தானே அங்கிள், நான் இல்லையே."

"அது எனக்கும் உமக்கும் தெரியும். மணிக்கூட்டுக்குத் தெரியுமே? இப்பவே எழும்பி என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோம்!"

கொத்தமல்லி பியரைப் பாதியில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து வெள்ளவத்தையில் இறங்கி, பிள்ளையார் கோயிலை வெளியாலேயே மூன்று தரம் சுற்றினேன். குடித்த வாயோடு உள்ளே போக மனம் வரவில்லை. அங்கிளின் மணிக்கூட்டில் புண்ணியம் ஏறியது. வீட்டில் என் மனைவி எனக்குக் கதவு திறக்கவில்லை.

இதற்குப் பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டாமா? "உமக்கு நான் ஒரு படம் காட்டுறன்" என்று சமாதானம் பேசி அங்கிள் என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு அழைத்துப்போனார். அவர் எப்போதும் உட்காரும் கரை இருக்கை. கையில் தின்பதற்குப் பற்றிஸ் பொதி. முதல் பாட்டு தொடங்கியதும் மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டு விலாவில் இடித்தார்.

"எழும்பும்."

"ஏன்?"

"பாட்டுக்கு என்னத்துக்கு இருந்து பாக்கிறீர்? இண்டைக்கு நடை காணாது. உந்தப் பாதையில மேலயும் கீழயும் நாலு தரம் நடவும். பாட்டு முடிய வந்து இரும்."

நான் நடந்தேன். ஏன் நடந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த மனிதரிடம் மறுத்துப் பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பின்னால் இருந்தவர்கள் "இருடா தடியா!" என்று கத்தினார்கள். ஒருவர் சிங்களத்திலும் ஏசினார். இருட்டில் படி தெரியாமல் தடக்கி முழு உடம்போடு விழுந்தேன். அந்த நாசமாய்ப்போன மணிக்கூட்டுக்கு ஆள் விழுந்ததும் தெரியுமாம்! சில நொடிகளில் என் மணிக்கட்டிலிருந்து ஒரு பெண் குரல் அலறியது.

"அப்பா! விழுந்திட்டீங்களோ? அப்பா, கதையுங்கோ!"

தவழ்ந்துபோய்க் கையை அங்கிளின் வாய்க்குக் கிட்ட நீட்டினேன். பாட்டு முடிந்து திரையில் வெட்டுக் குத்து தொடங்கியிருந்தது. வாய் நிறையப் பற்றிஸோடு அங்கிள் சொன்னார்:

"ஒண்டுமில்லை மகள். சும்மா தடக்கினது. கோயிலடியில நிக்கிறன்."

"கோயிலில என்னப்பா இப்பிடிச் சத்தம்? ஆரோ குழறுகினம்!"

அங்கிள் கண் இமைக்கவில்லை. "சூரன்போர் மகள்!" என்றார்.

ஐப்பசியில் நடக்க வேண்டிய சூரன்போரை அந்த மனிதர் பங்குனியில் நடத்திவைத்தார். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளையாக இருந்தால் நம்பியிருக்கும். அவர் மகள் வெள்ளவத்தையில் வளர்ந்த பிள்ளை. அடுத்த கிழமையே விமானம் ஏறி வந்துவிட்டார்.

அங்கிளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லிஃப்ட் வாசலில் கதிரை இல்லை. அன்றைய கர்ப்பிணிப் பிள்ளைகூட, கைக்குழந்தையோடு வந்து, "அங்கிளுக்கு என்ன? சுகமில்லையோ?" என்று கேட்டது. எனக்கோ கோபம் அடங்கவில்லை. ஒரு மனிதரை அவர் இருக்கிற ஊரில் இருக்கவிடாமல் பிடுங்குவதற்கு ஒரு மணிக்கூடு போதுமா? நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று இருந்தபோது மகளே என் வாசலில் வந்து நின்றார். நான் முந்திக்கொண்டேன்.

"பிள்ளை, நடந்தது நான்தான். ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ. அங்கிளைக் கொண்டுபோகாதேங்கோ."

"அது எனக்கு முதல் கிழமையே தெரியும் அண்ணா."

"என்னது?"

"மணிக்கூடு கடற்கரையில ஓடிக்கொண்டிருக்கும். அதே நேரம் அப்பா சாரத்தோட கதிரையில இருந்து, தேத்தண்ணி குடிச்சபடி எனக்கு வீடியோ கோல் எடுப்பார். 'இப்பதான் நடந்துபோட்டு வந்தனான்' எண்டுவார்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அப்படியானால் ஏன் என்னை இத்தனை மாதம் நடக்கவிட்டார்? கல்கிசையிலிருந்து ஏன் கோயிலுக்கு ஓடவிட்டார்? கேட்டேவிட்டேன்.

அவர் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"பியர்க் கடையில அப்பாவும் உங்களோட இருக்கிறாராக்கும் எண்டு உண்மையாவே பயந்திட்டன். தியேட்டரிலயும் விழுந்தது அவரோ நீங்களோ எண்டு தெரியேல்லை. மற்றும்படி, அப்பா நடக்கிறாரோ இல்லையோ எண்டது எனக்குப் பிரச்சினையில்லை அண்ணா. காலமை மணிக்கூட்டை வாங்க ஒராள் வந்து கதவைத் தட்டுது. அவர் திறக்காட்டில் அந்த ஒராளுக்குத் தெரியவரும். அங்க நித்திரைக்குப் போறதுக்கு எனக்கு அது போதும்."

இரண்டு கிழமை நின்றுவிட்டு மகள் தனியாகத்தான் திரும்பிப் போனார். அங்கிளுக்கு எதுவும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல வேண்டாம் என்றார். தகப்பனும் மகளும் ஆளுக்கொரு பக்கமாக என்னை ஏய்த்திருக்கிறார்கள், அதை யாரிடமும் சொல்லி ஏசக்கூட எனக்கு வழியில்லை. கதிரை மறுபடி லிஃப்ட் வாசலுக்கு வந்தது. "போன மாதம் நடை சரியில்லை" என்று மறுநாளே எனக்கு ஏச்சு விழுந்தது.

சென்ற கிழமை எனக்கு நல்ல காய்ச்சல். நடக்கப் போகக்கூடாதென்று மனைவி சப்பாத்தை ஒளித்துவைத்துவிட்டார். வெறுங்காலோடு மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே செருப்புத் தேய்க்கும் சத்தம் கேட்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"காய்ச்சலோட என்னத்துக்கு ஏறி வந்தனீர், விசரே?" என்று கதவைத் திறந்தபடி கத்தினார்.

அந்தக் கத்தலைக் கேட்ட பிறகுதான் கீழே வந்து படுத்தேன்.