மைக்செட்டின் இடுப்பு

பாபநாசம் மைக்செட்டைப் போல ஓர் ஆராய்ச்சிக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிடையாது. இத்தனைக்கும் ஆராய்ச்சி செய்தவர் அவர் அல்ல. அதில் குப்புறப் படுத்திருந்தவர்.

கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுவது அவர் தொழில். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் காஸ் சிலிண்டரை நகர்த்தப்போய் அதே கதிக்கு ஆளானவன். இருவரும் ஒரே நாளில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வில்லாக வளைந்து போய்ச் சேர்ந்தோம்.

திடீர் இடுப்பு வலிக்கு ஷாக்வேவ் சிகிச்சை பலிக்கிறதா என்று அங்கே ஓர் இளம் டாக்டரம்மா சோதித்துக்கொண்டிருந்தார்.

"ஷாக்குன்னா கரன்ட்டுங்களாம்மா? அது நமக்குப் பழகினதுதான். நேத்துக்கூட ஆம்ப்ளிஃபயர்ல ஒண்ணு வாங்கினேன்" என்றார் மைக்செட்.

"கரன்ட் இல்லங்கய்யா, அதிர்வு. எல்லாருக்கும் மேல தட்டுற மாதிரி இருக்கும். ஆனா பாதிப் பேருக்குத்தான் நிஜமா உள்ள இறங்கும். யாருக்கு எதுன்னு சோதனை முடியுற வரைக்கும் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சம்மதமா?"

நான் சம்மதித்தேன். மைக்செட் உடனே படுத்துவிட்டார். அப்போது அவர் முறைகூட வரவில்லை.

கருவியை வைத்ததும், "கேக்குது, கேக்குது. கொஞ்சம் பாஸ் சவுண்டை ஏத்துங்கம்மா" என்பார். வேறு மருந்து கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டார். மனைவி தைலத்தோடு வந்தால் வீட்டைச் சுற்றி ஓடுவார். ஓடுகிற அளவுக்குத் தேறிவிட்டோம் என்பதை அவர் கவனிக்கவே இல்லை.

மற்றவர்களும் தேறினார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. நடவு தொடங்கியதும் ஒருவரும் கடைசிப் பரிசோதனைக்கு வரவில்லை.

"வந்து சொன்னாத்தாங்க சோதனை செல்லும். இல்லன்னா இத்தனை உழைப்பும் வீண்" என்று டாக்டரம்மா சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நானிருக்கேன்" என்றார் மைக்செட்.

மறுநாள் காலை ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். "இடுப்பு வலி ஆராய்ச்சியில படுத்து எந்திரிச்ச பெரியோர்களே, தாய்மார்களே. வலி போயிருந்தா வந்து சொல்லிட்டுப் போங்க. போகலைன்னா வந்து திட்டிட்டுப் போங்க."

டாக்டரம்மா பதறிப்போய் போன் செய்தார். "ஐயா, யார் பேரையும் சொல்லக் கூடாதுங்க."

"பேரை எப்படிம்மா சொல்லுவேன்? மேலத்தெரு, பச்சை கேட்டு, மாடி வீடுன்னு மட்டும்தான் சொன்னேன்."

வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார்கள். சோதனையில் சேராதவர்களும் வந்தார்கள். மைக்செட்டே வாசலில் நின்று பிரித்து அனுப்பினார்.

எல்லாம் முடிந்த பிறகு யாருக்கு எது என்று டாக்டரம்மா பட்டியலைப் பார்த்துச் சொன்னார். "இந்த சாருக்கு நிஜ அதிர்வு. ஐயா, உங்களுக்கு மேல தட்டினது மட்டும்தான்."

"அப்ப என் வலி எப்படிம்மா போச்சு?"

"நிறையப் பேருக்குத் தானாவே போயிடும்ங்க. அதனாலதான் இப்படிச் சோதிக்க வேண்டியிருக்கு."

மைக்செட் இடிந்துபோனார் என்றுதான் நினைத்தேன். அவரோ என் பக்கம் திரும்பி, தோளைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை சார், உங்களுக்கு நிஜத்தையே குடுத்திருக்காங்க."

கூடப்பிறந்தவர்கள்கூட எனக்காக அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.