ஆளில்லாத அறையில் மைனஸ் மூன்று

பிள்ளைகளா, ஓடுகிற எதையும் நிறுத்தத் தெரிந்த ஒரே மனிதர், எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்தான். நாங்கள் வைத்த பேர் நிப்பாட்டி. அவரைப் பற்றி வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

ஒருநாள் விருதுநகரில் பஸ்ஸின் முன்போர்டு ஏழாயிரம்பண்ணை, பின்போர்டு ஆமத்தூர். "ரெண்டும் ஒண்ணு சொல்ற வரைக்கும் வண்டி நகரக் கூடாது" என்று படியில் நின்றுவிட்டார். கண்டக்டர் கும்பிட்டபடி போய்ப் போர்டை மாற்றினார். ஒரு கல்யாணத்தில், பத்திரிகையில் ஒரு பேர், பேனரில் வேறு பேர் என்று பந்தியில் இலையை மூடிவிட்டார். "அது மாப்பிள்ளைக்குச் செல்லப் பேருய்யா, சாப்பிடுங்க!" என்று பெண்ணின் தாய்மாமன் கெஞ்சினார்.

பட்டாசு மருந்து கலக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கார்டைத் தேய்த்தால் கதவு திறக்கும். போகிறவர் வருகிறவரை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் எண்ணும்; நாலு ஆனதும் கதவு திறக்காது. அதன் அடிமடியில், கெர்னல் என்பார்கள், நிப்பாட்டி ஒரு வரி எழுதியிருந்தார். எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போனால் எல்லாம் நின்றுவிடும். வெளியே வரலாம், உள்ளே போக முடியாது.

தீபாவளி சீசனில் அது தினமும் மூன்று தடவை நின்றது. லாரிகள் காத்துக் கிடந்தன. போர்மேன் நான் கொதித்தேன்.

"ஏய்யா, தப்புன்னா எங்கனயாவது எழுதி வச்சுட்டு வேலையப் பாக்கச் சொல்லும் மிஷின!"

"நடக்கவே கூடாதது நடந்திருக்கு அண்ணாச்சி. அதுக்குப் பொறவு அது சொல்ற எதையும் நம்பக் கூடாது. ஏன் நின்னுச்சுன்னு பாருங்க."

"நீரு மொதல்ல வீட்டுல போயி நில்லும்!"

ஆள் உதவ மாட்டார் என்று முதலாளியிடம் சொல்லி, அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவர் அந்த வரியை எடுத்தார். லாரிகள் பறந்தன.

மறுவாரம் காலையில், ஆளில்லாத அறைக்குக் கம்ப்யூட்டர் 'உள்ளே: -3' என்று காட்டியது. சிரித்துவிட்டுப் போனேன். பதினோரு மணிக்கு 'உள்ளே: 4'. எட்டிப் பார்த்தால் ஏழு பேர். ஏழாவது ஆள் உங்கள் அம்மா, கையில் மருந்துச் சல்லடை.

"என்ன முழிக்கீக? கதவு தொறந்துச்சு, வந்தேன்."

ஒவ்வொருவராக, மெதுவாக வெளியே வரச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. மைனஸ் மூன்றோடு ஏழைக் கூட்டினால் நாலு என்று அப்போதுதான் விரல்விட்டு எண்ணினேன்.

சீசன் அவசரத்தில் என் கார்டை ஒரே ஒரு தடவை தேய்த்து இரண்டு மூன்று பேரை உள்ளே தள்ளியது நான்தான். வெளியே வரும்போது அவரவர் கார்டைத் தேய்த்தார்கள். எண்ணிக்கை கீழே இறங்கியது. மிஷின் நின்ற ஒவ்வொரு தடவையும் என் தப்பைத்தான் சொல்லியிருக்கிறது.

முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன். அந்த வரி திரும்பி வந்தது. நிப்பாட்டி வரவில்லை.

சாயங்காலம் எல்லோரும் வேனில் போன பிறகு போனை எடுத்தேன். கூப்பிடத் தைரியமில்லை. அவர் நம்பருக்குக் 'கிறுக்கன்' என்று போட்டு வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு, 'தம்பி' என்று எழுதினேன்.