ஓட்டைக் குடையும் அம்பத்தூர் ஸ்டேஷனும்

முடிவு தெரிந்த கதையை ஒரு குழந்தை ஏன் மறுபடி மறுபடி கேட்கிறது? எட்டு வருடமாக யோசிக்கிறேன், இன்னும் பதில் கிடைக்கவில்லை. யோசிக்காமலே இருந்திருக்கலாம். யோசித்ததால்தான் ஒரு நாள் அம்பத்தூர் ஸ்டேஷனில் பிள்ளை பிடிக்கிறவளாக நிற்க வேண்டி வந்தது.

அப்போது என் மகள் வித்யாவுக்கு மூன்றரை வயது. ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவளுக்காக நான் சொந்தமாக இட்டுக்கட்டிய ஒரே கதை, குடை வாங்கப் போன தவளை. தவளை கடைக்குப் போகும். கடைக்காரர் மூன்று தடவை தும்மிவிட்டு ஒரு மஞ்சள் குடையை எடுத்துக் கொடுப்பார். வழியில் மழை பிடித்துக்கொள்ளும். குடையை விரித்தால் நடுவில் பெரிய ஓட்டை! "நல்லதாப் போச்சு! எனக்கு நனையறதுதானே பிடிக்கும்!" என்று தவளை குதித்துக் குதித்து வீட்டுக்குப் போகும். அவ்வளவுதான். (இதை இட்டுக்கட்டிய அன்று எனக்குக் காய்ச்சல். இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் உருப்படியாகச் செய்திருப்பேன்.)

காலையில் ஒரு தடவை, சாப்பிட இரண்டு தடவை, ராத்திரி அவள் தூங்கும் வரை எத்தனை தடவையோ! ஒரு வார்த்தை மாறக் கூடாது. கேட்டுக் கேட்டு என் கணவரே தும்மினால் மூன்று தடவைதான் தும்முவார்.

அந்தச் சமயம் பார்த்து, ஒரு வாரப் பத்திரிகையின் குழந்தை வளர்ப்புப் பக்கத்தில், ஒரே கதையைக் கேட்டு வளரும் பிள்ளைக்குக் கற்பனை மந்தமாகிவிடும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். படித்தவள் இல்லையா? அச்சில் வந்தால் நம்பிவிடுவேன். போதாததற்கு, மழையில் நனைவது நல்லது என்று ஒரு தாயே சொல்லிக்கொடுக்கலாமா என்ற உறுத்தல் வேறு. கதையைத் திருத்திவிடுவது என்று தீர்மானித்தேன்.

மறுநாள் வில்லிவாக்கத்தில் நாத்தனார் வீட்டில் வளைகாப்பு. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வித்யாவோடு மின்சார ரயிலில் ஏறினேன். பிஸ்கட்டில் மயக்க மருந்து வைத்துப் பிள்ளை பிடிக்கும் கும்பல் ஒன்று நடமாடுவதாக அந்த வாரம் ஊரெல்லாம் வதந்தி. (குவார்ட்டர்ஸில் அதை அதிகம் பரப்பியவள் நான்தான்.)

"தவள கதை சொல்லு" என்றாள் வித்யா. ஆரம்பித்தேன். தும்மல் வரைக்கும் ஒழுங்காகப் போனது.

"தவளை குடையை விரிச்சுதாம். குடை நல்லா கெட்டியா இருந்துதாம். ஒரு சொட்டுகூட நனையாம, சளி பிடிக்காம வீடு போய்ச் சேர்ந்துதாம்."

"ஓட்டை?"

"ஓட்டை இல்லடா கண்ணு. இது புதுக் குடை."

திருமுல்லைவாயல் தாண்டியதும் அலறல் ஆரம்பமானது. "நீ எங்கம்மா இல்ல! எனக்கு எங்கம்மா வேணும்!"

பெண்கள் பெட்டி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பதறிப்போய், எந்தத் தாயும் செய்வதையே நானும் செய்தேன். பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் வாயில் திணித்தேன்.

"அய்யய்யோ, பிஸ்கோத்து குடுக்கறா பாரு!" கீழே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்தே விட்டார். "ஏம்மா, மெய்யாலுமே உன் கொயந்தைதானா இது?"

"ஆமாங்க, என் பொண்ணுதான்."

"அப்புறம் இன்னாத்துக்கு அது இல்லேன்னு கத்துது?"

"குடையில ஓட்டை இல்லேன்னு சொல்லிட்டேங்க. அதான்."

உண்மையைத்தான் சொன்னேன். கொஞ்சம் நம்பும்படியாக ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம்.

அம்பத்தூரில் இறக்கிவிட்டார்கள். பூக்கார அம்மாள் ஒரு கையில் கூடையும் மறு கையில் என் மணிக்கட்டுமாக இறங்கினார். பிளாட்பாரத்தில் ரயில்வே போலீஸ் ஏட்டு ஒருவர் நின்றிருந்தார்.

"குழந்தை பேரு?"

"வித்யா. வீட்டுல அம்மு."

"ரெண்டு பேரு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல், எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி.

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"பி.எஸ்சி. பாட்டனிங்க." (பயத்தில் என் படிப்பைச் சொல்லிவிட்டேன்.)

ஏட்டு குனிந்தார். "பாப்பா, இவங்க யாரு?"

வித்யா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியாது."

ஃபாக்டரிக்குப் போன் போட்டு இவள் புருஷனை வரவழைக்க வேண்டியதுதான் என்றார் ஏட்டு. ஃபாக்டரிக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். அப்புறம் மாமியாருக்கு. நான் பிள்ளை வளர்க்கும் லட்சணத்தில் அவருக்கு ஏற்கெனவே சந்தேகம். இப்போது பிள்ளையே சாட்சி சொல்கிறது.

ஏட்டு கடைசியாக ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார். "சரி பாப்பா, உங்கம்மா எப்படி இருப்பாங்க?"

"எங்கம்மா தவள கதையக் கரெக்டா சொல்லுவா."

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா."

ஐம்பது பேர் சுற்றி நிற்க, பட்டுப்புடவையில், நான் தவளையானேன். வித்யா பெஞ்சில் உட்கார்ந்து கைகட்டிக் கேட்டாள். கடைக்காரராகத் தும்மும்போது பதற்றத்தில் இரண்டோடு நிறுத்திவிட்டேன்.

"மூணு!" என்றாள்.

"கொயந்தை மூணுங்குது இல்ல? இன்னொண்ணு தும்மு" என்றார் பூக்கார அம்மாள். தும்மினேன்.

மழை வந்தது. குடை விரிந்தது. "நடுவுல பெரிய ஓட்டை!" என்றபோது என் குரல் தழுதழுத்தது; தவளைக்காக அல்ல. "நல்லதாப் போச்சு! எனக்கு நனையறதுதானே பிடிக்கும்!" என்று பிளாட்பாரத்தில் மூன்று முழம் குதித்தும் காட்டினேன். (குதிக்காவிட்டால் கதை செல்லாது.)

வித்யா கலகலவென்று சிரித்தாள், முதல் தடவை கேட்பவள் மாதிரி. "அம்மா!" என்று ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"உங்க பொண்ணுதாம்மா," என்றார் ஏட்டு. "பெத்தவளைத் தவிர வேற எவ இதை இத்தனை வாட்டி சொல்லியிருப்பா?"

கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். பூக்கார அம்மாள் நகரவில்லை. "ஏம்மா, அந்தத் தும்மல்லேர்ந்து இன்னொரு தபா சொல்லேன்" என்றார். ஏட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். சொன்னேன். அதற்குள் இரண்டு ரயில் போய்விட்டது. வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தபோது வளைகாப்பு முடிந்து, புளிசாதம் மட்டும் மிச்சம் இருந்தது.

சாம்பாரில் உப்பு குறைந்தால் இன்றைக்கும் என் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்து, "ஏட்டைக் கூப்பிடு, இது நம்ம வீட்டு அம்மா இல்ல" என்பார். ஆறாம் வகுப்பு படிக்கும் வித்யாதான் முதலில் சிரிப்பாள்.

இப்போது என் கவலை வேறு. இரண்டாவது பிள்ளை பையன்; அவனுக்கு மூன்று வயது. அதே கதையை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஓட்டை உண்டு என்றாலும் தலையாட்டுகிறான், இல்லை என்றாலும் தலையாட்டுகிறான். நேற்று தவளையை எருமை என்றேன். அதற்கும் "சரிம்மா" என்றான். நாளைக்கு ஏதாவது ஒரு ஸ்டேஷனில் யாராவது என் கையைப் பிடித்துக் கேட்டால், இவனை என் பிள்ளை என்று எதை வைத்து நிரூபிப்பேன்? இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள்.