சண்டிலிப்பாய்க்கு வந்த சோயாச் சக்கை

சண்டிலிப்பாய்,
ஞாயிற்றுக்கிழமை.

பேராதனையில் சோயாச் சக்கையை ஆராயும் அன்பு மருமகள் நிவேதனாவுக்கு, ஓய்வுபெற்ற தபாலதிபர் மாமா ஏரம்பு ஆசியுடன் எழுதுவது. இங்கு இருவரும் சுகம். போனில் சொன்னால் உன் மாமி கமலாவதி குறுக்கே கதைப்பாள்; ஆகையால் கடிதம்.

மூன்று மாதத்துக்கு முன் டொக்டர் என் வயிற்றையும் இரத்தச் சீனியையும் பார்த்துவிட்டு, "இது குறையாட்டி ஊசிதான், ஐயா" என்றதும், ஊசியென்றால் எனக்கு உயிர் போகும் என்று நான் உன்னிடம் அழாக்குறையாகச் சொன்னதும், சோயாப் பால் பிழிந்த சக்கையில் நார்ச்சத்து நிறைய உண்டு, வயிற்றை நிரப்பும், சீனியை மெதுவாகத்தான் ஏறவிடும், அரிசிமாவில் கலந்து புட்டு அவியுங்கோ என்று நீ சொன்னதும் நினைவிருக்கும்.

நம்ம யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சோயாப் பால் விற்கும் ஜெசிதாவிடம் முதல் நாள் ஒரு பை வாங்கி பஸ்ஸில் ஏறினேன். பை வெடித்தது. முன்சீற்று அம்மாவின் முதுகெல்லாம் சக்கை. கொண்டக்டர் என்னை நடுவழியில் இறக்கிவிட்டான். அன்றிலிருந்து சைக்கிள்தான், நேரம் போனால் சக்கை புளித்துவிடும் என்பதால் ஒரே மிதி. அங்கே போனால் மாடு வளர்க்கும் றஜிந்தன் வழிமறிக்கிறான். "ஐயா, என்ரை மாட்டின்ரை சாப்பாட்டை ஏன் கொண்டுபோறியள்?" நானும் விடவில்லை. கடைசியில் பாதி மாட்டுக்கு, பாதி எனக்கு என்று ஜெசிதா தீர்த்துவைத்தாள்.

முதல் தரம் அவிச்ச சக்கைப் புட்டு, ஐயோ, மரத்தூள்! "உந்தச் சக்கையை மனுசன் தின்னுவானோ!" என்று கத்திப்போட்டன். அடுத்த நாள் பார் பிள்ளை, பஞ்சு மாதிரிப் புட்டு. கை பழகிட்டுதெண்டாள் மாமி. விஞ்ஞானமெண்டால் இதெல்லோ! வயிறு முட்டத் திண்டும் ஏழு கிலோ குறைஞ்சிட்டன். சீனியும் இறங்கிட்டுது. போன செவ்வாய் டொக்டர், "ஊசி வேண்டாம், செய்யிறதையே செய்யுங்கோ" எண்டார். எனக்குக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது. உன்ரை ஆராய்ச்சியிலை என்னையும் ஒரு சாட்சியா எழுது. படமும் வைக்கிறன், பெல்ட்டிலை புதுசாக் குத்தின ரெண்டு ஓட்டையும் தெரியுது.

நீயும் உன் ஆராய்ச்சியும் நல்லாயிருக்க நயினை அம்மாள் துணையிருப்பாள்.

அன்பு மாமா,
ஏரம்பு.

பி.கு: பிள்ளை, நான் மாமி எழுதுறன். முத்திரை ஒட்டச்சொல்லித் தந்தார், வாசிச்சுப்போட்டன். அண்டைக்குக் கத்தினதிலையிருந்து உவருக்கு நான் அவிக்கிறது வெறும் அரிசிமாப் புட்டு. சக்கைப் புட்டை எனக்கெண்டு வேறை நீத்துப்பெட்டியிலை அவிச்சு நான்தான் தின்னுறன். உவற்றை வயிறு கரைஞ்சது நாளுக்குப் பத்து மைல் சைக்கிள் மிதிச்சு. சாட்சி வேணுமெண்டால் என்னை எழுது. எனக்கும் சீனி இருந்தது, உவர் பயந்துபோவாரெண்டு சொல்லேல்லை. இப்ப அது இறங்கிட்டுது, காப்பும் கையிலை நிக்குதில்லை. உவருக்கு மட்டும் சொல்லிப்போடாதை. சைக்கிளை நிப்பாட்டிப்போட்டாரெண்டால் பிறகு எனக்குச் சக்கை ஆர் கொண்டுவாறது?